அம்மன் கழுத்தில் மங்குப்பூ

நம் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு பூவின் படத்தைப் போட்டிருந்தீர்கள். பாறை இடுக்கில் ஒற்றைக் காம்பு, உச்சியில் ஒற்றைப் பூ. "ஜெராய் மலையின் அரிய பொக்கிஷம், காப்போம்" என்று கீழே எழுத்து வேறு. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடு கைகள், ஓர் அழுமூஞ்சி, யாரோ ஒருவர் போட்ட 'இனிய காலை வணக்கம்'. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதே பூவை வேரோடு பிடுங்கிச் சாக்கில் அடைத்தவர்கள் யார்? கும்பிட்டவர்களில் பாதிப் பேருடைய அப்பாக்களும் அண்ணன்களும்தான். மறந்துவிட்டீர்களா, மறந்த மாதிரி இருக்கிறீர்களா? குழுவில் கேட்டால் "பழச எதுக்குக் கெளறணும்" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள். மாத்திரை விழுங்குவதைத் தவிர நமக்கெல்லாம் இப்போது என்ன வேலை இருக்கிறது?

இப்போது மலை உச்சி வரைக்கும் தார் ரோடு. காடியில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஏறி, மேலே போய் "என்னா குளிரு" என்று ஆச்சரியப்பட்டு, காப்பி குடித்து, கைப்பேசியை நீட்டி முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். என் மகனும் அப்படித்தான். மலையைப் பார்த்தாயா என்று கேட்டால், பார்த்தேனே என்று தன் முகத்தையே காட்டுகிறான்.

அந்தப் பூவை அழகு என்று நான் சொல்ல மாட்டேன். மேலே அகலமாக ஒரு வெள்ளை இதழ், அதில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். பக்கத்து இதழ்கள் இரண்டும் மீசை மாதிரித் தொங்கும். அவற்றின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாக மரு, அதில் மயிர். நடுவில் பழுப்புச் சிவப்பாக ஒரு பை. மல்லிகையும் செவ்வந்தியும் பார்த்த கண்ணுக்கு அது பூவாகவே தோன்றாது. வாசமும் இல்லை. இலைகள் மட்டும் பச்சையில் வெளிர்ப்பச்சை திட்டுத்திட்டாக, பார்க்க நன்றாக இருக்கும். ஒரு செடிக்கு ஒரு பூ. பூக்கிற பருவத்துக்குச் செடி வரவே பல வருஷம் ஆகுமாம், பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது மங்குப்பூ. பால்மரத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கக் கட்டுகிற மங்கு மாதிரி நடுவில் பை இருந்ததால் என் மாமா வைத்த பெயர் அது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். லயத்து வரிசையில் ஒரு வீடு; அம்மா, மாமா, நான், மூன்று பேர்தான். அம்மாவும் மாமாவும் மலையடி மர நிரையில் பால் வெட்டினார்கள். மாமா நல்ல உயரம், நல்ல குரல், எதற்கும் அதிர்ந்து பேசாத ஆள். எல்லாரும் அதை நல்ல குணம் என்றார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டுக்கோழிக்குக் கண்ணி வைக்கப் போன இடத்தில்தான் அவர் அந்தப் பூவைப் பார்த்தாராம். யாரிடமும் சொல்லவில்லை. மரமெல்லாம் இலையுதிர்த்து, தளிர் விட்டு, பால்மரம் பூத்த வாசம் லயம் முழுக்கப் பரவியிருந்த பள்ளி விடுமுறையில், நான் அடம்பிடித்ததால் என்னை மட்டும் கூட்டிப் போனார். ஓடையோரமாக ஏறினோம். அட்டைகள் கணுக்காலில் ஏற, மாமா புகையிலைத் தண்ணீரைத் தடவிவிட்டார். போகப் போக மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. அப்புறம் மண்ணே இல்லை, பாறைதான். பாறையில் நீர் கசிந்து வழிந்தது. பஞ்சு மாதிரி மேகம் முகத்தில் மோதியது, மூக்குக்குள் ஈர மண் வாசனை. ஒரு பெரிய பாறைக்குக் கீழே, சரிவில், மக்கிய இலைக் குப்பையில், அவை நின்றன. எத்தனை என்று கேட்காதீர்கள். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"தொடாதலா. பாத்துட்டு மட்டும் வா" என்றார் மாமா.

ஆனால் அவர் ஒன்றே ஒன்றைக் காம்போடு கிள்ளி, ஈரத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பது பெரியவர்களின் நினைப்பு. திரும்பும்போது ஒரு செடியையும் பெயர்த்துக்கொண்டு வந்து, உடைந்த மங்கு ஒன்றில் வைத்து அடுப்படிக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டார். அம்மா பாசத்தில் தினமும் அதற்குக் கழனித் தண்ணீர் ஊற்றினார். அழுகிப் போனது. "மலைச் செடிக்குக் குடுத்து வைக்கல" என்று செடியின் மேலேயே பழியைப் போட்டார்.

கிள்ளி வந்த பூ, தலைவர் மகளுக்கு. தலைவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய மண்டோர், கோயில் தலைவர், வெயில் இல்லாத நாளிலும் குடை. தன் மகளைப் பால் வெட்ட அனுப்பாத பெருமைக்காரர். அவள் வீட்டில் உட்கார்ந்து துணி தைப்பாள். என் பள்ளிக்கூடச் சட்டையும் அவள் தைத்ததுதான். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அளவெடுக்கும்போது, "ஒங்க மாமா இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று நூலைக் கடித்துக்கொண்டே கேட்பாள். அவ்வளவுதான் அவர்களுடைய காதல். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் இதெல்லாம் ஒரு காதலா என்பார்கள். அவர்களுடையதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது.

அவள் அந்தப் பூவை ஆரஞ்சு போத்தலில் தண்ணீர் விட்டுத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தாள். சனியன், வாடவே இல்லை. வாரக் கணக்கில் அப்படியே நின்றது. வாடியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. தலைவர் பார்த்துவிட்டார். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று விசாரித்தவர் கோபப்படவில்லை. அவர் மூளை வேறு பக்கம் ஓடியது.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா. பக்கத்துத் தோட்டத் திருவிழா எங்களுடையதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது. பினாங்கிலிருந்து பூவும் வாத்தியமும் வந்து, மெர்போக் வரைக்கும் பேச்சாக இருந்தது. அந்தத் தோட்டத் தலைவரும் எங்கள் தலைவரும் பசாரில் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், திரும்பினால் காறித் துப்புவார்கள். இரண்டு பேருக்கும் அம்மனைப் பற்றிக் கவலையே கிடையாது. எவன் தேர் பெரிசு, எவன் மாலை பெரிசு, இதுதான் பக்தி. இப்போது அரங்கம் எடுத்து, கேக் வெட்டி, ஆளுக்கொரு சங்கம் நடத்துகிறீர்களே, அந்த வியாதியின் வித்து அதுதான்.

அம்மா வெற்றிலை பாக்கு பழத்தோடு தம்பிக்குப் பெண் கேட்டுப் போனார். என்னையும் கூட்டிப் போனார், பிள்ளை கூட இருந்தால் முகத்தில் அடித்த மாதிரிப் பேச மாட்டார்கள் என்று. தலைவர் தட்டைத் தொடவில்லை. பல்லைக் குத்திக்கொண்டே பேசினார்.

"பொண்ணப் பத்தி அப்புறம் பேசுவோம்மா. ஒந் தம்பி மலையில ஏதோ பூவு கண்டு வச்சிருக்கானாமே. அம்மாளுக்குக் கழுத்து நெறைய ஒரு மாலை, தேருக்கு நாலு பக்கமும் தோரணம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வந்து பாத்து வாயப் பொளக்கணும். அத மட்டும் செஞ்சிரட்டும், திருவிழா முடிஞ்ச கையோட பாக்கு மாத்திக்கலாம்."

அம்மா காற்றில் நடந்து வீட்டுக்கு வந்தார். மாமா விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அது மாலை கட்டுற பூவு இல்லக்கா. பறிச்சா திரும்ப வர ரொம்ப நாளாவும்."

"ஒனக்குப் பூவு வேணுமா, பொண்ணு வேணுமா?" என்றார் அம்மா.

 அந்த வாரக் கடைசியில் மாமா கத்தியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடப் போன இளவட்டங்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். பூவை மட்டும் கிள்ளினால் போதும் என்றுதான் மாமா சொன்னாராம். ஆனால் வேரோடு இருந்தால்தான் திருவிழா வரைக்கும் வாடாது என்று தலைவர் முன்கூட்டியே உத்தரவு போட்டு அனுப்பியிருந்தார். போத்தலில் தண்ணீர் மட்டும் குடித்து வாரக் கணக்கில் நின்ற பூவைத் தினமும் பார்த்தவர் அவர். பார்த்து என்ன செய்ய? பிடுங்கிவிட்டார்கள். பாறைக்குக் கீழே இருந்தது, மேலே இருந்தது, மொட்டு, பூக்காத குட்டி எல்லாம். மாமாவும் பிடுங்கினார். முதலில் தயங்கினார், அப்புறம் அவர்தான் எல்லாரையும்விட வேகம் என்று ஓர் அண்ணன் சொன்னார். நடுவில் நின்றால் மனசு மாறிவிடும் என்று பயந்திருப்பார் போலிருக்கிறது.

சாக்குகள் கோயில் கிணற்றடியில் இறங்கின. அரிசிச் சாக்கு, சயாம் எழுத்து போட்டது. தண்ணீர் சொட்டச் சொட்டக் கொட்டியபோது மலையின் வாசனை அப்படியே கீழே வந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து காம்பை நறுக்கி வாழைநாரில் கட்டினார்கள். "என்னா அதிசயம், என்னா அதிசயம்" என்று ஒருத்தி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், கை மட்டும் நறுக்கிக்கொண்டே இருந்தது. செடிகளை ஓரமாகக் குவித்தார்கள். திரும்ப நடலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஓர் ஆடு வந்து முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அந்த ஆட்டுக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது.

திருவிழா அன்று அம்மன் கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் மங்குப்பூ. பழுப்பும் சிவப்பும் வெள்ளையுமாக, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஈரம் மின்னியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகத்தான் இருந்தது. உறுமி அடித்தது, கூழ் கொதித்தது, மஞ்சள் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நின்றன. தலைவர் குடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். மலையில் தானே ஏறிப் பறித்த மாதிரிப் பேச்சு. மாமா புது வேட்டியில் தூண் பக்கமாக நின்றார். தலைவர் மகள் குடத்தோடு பெண்கள் வரிசையில் நின்றாள். மாமா அவளைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார்.

பக்கத்துத் தோட்டத் தலைவர் காடியில் வந்து இறங்கினார். பளபளவென்று மூடின சப்பாத்து. நம் லயத்தில் அப்போது பாதிப் பேர் வெறுங்கால், மீதிப் பேர் ரப்பர் சிலிப்பர். அவர் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கும்பிட்டு, அம்மனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வாசலில் கிடந்த தன் சப்பாத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"என்னா தலைவரே, இந்தப் பூவு ஒவ்வொண்ணும் நான் கழட்டிப் போட்ட சப்பாத்து மாதிரியே இருக்கு. அம்மாளுக்கா செருப்பு மாலை போட்டு வச்சிருக்கீங்க?"

அதுவரைக்கும் அதில் ஒருத்தர் கண்ணுக்கும் செருப்பு தெரியவில்லை. அவர் சொன்ன மறு நிமிஷம் எல்லார் கண்ணுக்கும் செருப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. முன்பக்கம் மூடி, கால் நுழைக்க வாய் திறந்து, அம்மன் கழுத்தில் வரிசையாகச் செருப்பு. வாத்தியம் நின்றது. ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். பூசாரி பாய்ந்து மாலையைப் பிய்த்தார். "எனக்கு அப்பவே தோணுச்சு, சொல்லக் கூடாதேன்னு இருந்தேன்" என்றார் அந்த மனிதர். காலையில் அதே மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாத்தியவர் அவர்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தலைவர் முகம் கறுத்துப் போனது. அவமானப்பட்டவனுக்கு உடனே ஓர் ஆள் வேண்டும், தூண் பக்கத்தில் ஆள் தயாராக நின்றது.

"வேணும்னே பண்ணிட்டான்யா! பொண்ணு குடுக்க இழுத்தடிக்கிறேன்னு மனசுல வச்சிக்கிட்டு, அம்மாளுக்கு செருப்பக் கொண்டாந்து போட வச்சிட்டான்!"

பூ கேட்டது யார், வேரோடு பிடுங்கச் சொன்னது யார் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கூட மலை ஏறியவர்கள் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. சில பேர் "ஆமா, இருந்தாலும் இருக்கும்" என்றார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பீர்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோதே இதைத்தான் நினைத்தேன்.

மாமா, "தலைவரே, நீங்கதானே..." என்று ஆரம்பித்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் பிடரியில் கை வைத்து அழுத்தினார்.

"விழுந்துரு தம்பி. பொண்ணு வேணும்னா விழுந்துரு. கோவம் எறங்கிருச்சுன்னா குடுத்துருவாரு."

மாமா விழுந்தார். தலைவர் காலில் விழுந்து, "தப்பு எம்மேலதான், மன்னிச்சிருங்க" என்றார். பூசாரி காலில் விழுந்தார். கோயில் கமிட்டி ஆள் ஒவ்வொருத்தர் காலிலும் விழுந்தார். கடைசியில் யாரும் சொல்லாமலே அந்தப் பக்கத்துத் தோட்டத் தலைவர் காலிலும் விழுந்தார். அந்த ஆள் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "போதும்லா, எந்திரி" என்றார். என் மாமாவின் புது வேட்டி முழுக்கச் சேறும் கூழும். தலைவர் மகள் குடத்தை இறக்கி வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பாவம், மாமாவுக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மனைக் கழுவி, வேறு மாலை போட்டுத் தேரைக் கிளப்பினார்கள். மங்குப்பூவை எல்லாம் எச்சில் இலை போடுகிற குழியில் தள்ளினார்கள். செடிகளையும் சேர்த்துத்தான். அந்த வருஷம் மழை வேறு சீக்கிரமே பிடித்துக்கொண்டது. மாமா பல தடவை தனியாக மலையேறித் தேடினார். ஒன்றும் மிச்சமில்லை என்று வந்து சொன்னார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

தீபாவளிக்கு முன்னாலேயே தலைவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, செருப்பு என்று சொன்ன அந்தப் பக்கத்துத் தோட்டத் தலைவருடைய மகன். ஆமாம், அவர் மகனேதான். இரண்டு தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், இந்தத் தடவை சம்பந்திகளாக. நம் லயம் மொத்தமும் போய்ச் சாப்பிட்டது. அம்மா போகவில்லை. சாகிற வரைக்கும், "அந்த மண்டோரு எந் தம்பி வாழ்க்கையக் கெடுத்துட்டான்" என்பதுதான் அவர் பேச்சு. மண்டோர் நன்றாகத்தான் இருந்தார். தொண்ணூறு வயசு வரைக்கும் சொந்தப் பல்லோடு முறுக்குத் தின்றார். மாமா லூனாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், எனக்கு பிஸ்கட் டின் கொண்டு வருவார். நல்ல குணம் என்று அப்போதும் எல்லாரும் சொன்னார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வாடகை அறையில் தனியாகவே செத்துப் போனார்.

இதுவரைக்கும் நீங்களும் அறிந்த கதை. இனிமேல் சொல்லப்போவது போன மாதம்தான் எனக்கே தெரிந்தது.

சுங்கைப்பட்டாணியில் கண் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ மலையடி லயத்துப் பொண்ணுதானே?" என்றார். தலைவர் மகள். தலை முழுக்க வெளுத்து, கை மட்டும் தையல்காரக் கையாகவே இருந்தது. நலம் விசாரித்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. பல வருஷமாக அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாகிப்போனதைச் சொன்னேன்.

"மாமா கடைசி வரைக்கும் ஒங்களையேதான் நெனச்சிக்கிட்டு இருந்தாரு அக்கா. ஒங்க அப்பா மட்டும் அன்னிக்கு அப்பிடிப் பண்ணாம இருந்திருந்தா..."

"எங்கப்பாவா?" என்றார். "எங்கப்பா என்னா புதுசா பண்ணாரு? எப்பவும் பண்றதத்தான் பண்ணாரு. அவரு என்னைக் குடுக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? பூவக் காட்டி ஏமாத்துறாருன்னு தெரியாதா? அன்னிக்குக் காலையிலயே துணியெல்லாம் மூட்ட கட்டி மெஷினுக்கு அடியில வச்சிட்டுத்தான் கோயிலுக்கு வந்தேன். தேரு கெளம்புனதும் ஒங்க மாமாகிட்ட வா போயிருவோம்னு சொல்லலாம்னு இருந்தேன்."

அவரே தொடர்ந்தார்.

"அவரு ஒண்ணும் சண்ட போட வேணாம். இது பூவுதான்யா, நீங்கதான் கொண்டாரச் சொன்னீங்கன்னு சொல்லிட்டு நிமிந்து நின்னிருந்தாப் போதும். அங்கிருந்தே அவரு கூட நடந்திருப்பேன். விழுந்தாரு. செய்யாத தப்புக்கு ஒவ்வொருத்தன் கால்லயா விழுந்தாரு. எங்க மாமனாரு கால்லயும் விழுந்தாரு. எல்லாம் முடிஞ்சி எந்திரிச்சி, மொகத்தத் தொடச்சிக்கிட்டு, என்னையப் பாத்து சிரிச்சாரு பாரு, காரியம் முடிஞ்சிருச்சுங்கற மாதிரி. எனக்கு அழுகையே வந்திருச்சு. அருவருப்புலயா, ஆத்திரத்துலயான்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல. வீட்டுக்குப் போயி மூட்டயப் பிரிச்சேன். அப்பாகிட்ட நானே சொன்னேன், எவனா இருந்தாலும் சரி, கட்டிக்கிறேன்னு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நான் தலைவரைத் திட்டியது, அம்மா கரித்துக் கொட்டியது எல்லாம் என்ன ஆவது? மாமாவின் பிடரியில் கை வைத்து அழுத்தியது என் அம்மா. அதை என் வாயால் இவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் மட்டும் என்ன, அழுத்தினால் குனிகிற பிடரி அது.

"ஒங்களுக்காகத்தான் அக்கா அவரு விழுந்தாரு. ஒங்களுக்காகத்தான் ஒரு மலையையே காலி பண்ணாரு. ஒரு செடி மிச்சம் வைக்கல" என்றேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"நான் கேட்டனா?" என்றார்.

அவர் கேட்கவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை.